நச்சுக் குப்பைக்கும் நிலப் பத்திரத்துக்கும் என்ன உறவு?

என்னிடம் வந்த கேள்வி இது: அமெரிக்காவில் சுற்றுச்சூழல் நீதி பேசும் கறுப்பினத் தலைவர்கள், ஆலைப் புகை, நச்சுக் கழிவு என்று ஆரம்பித்து கடைசியில் நில உடைமையில் போய் நிற்கிறார்களே, ஏன்? நிலம் சொத்து பற்றியது, மாசு உடல்நலம் பற்றியது, இரண்டையும் எதற்காகக் குழப்ப வேண்டும்?

அவர்கள் குழப்பவில்லை என்பதுதான் என் பதில். நில வழக்குகளோடு நெடுங்காலம் புழங்கியவன் நான். எனக்கு இந்த விஷயம் புகையின் வழியாகப் புரியவில்லை, பத்திரத்தின் வழியாகத்தான் புரிந்தது. அந்த வழியிலேயே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) என்று ஒரு வறிய கிராமப்புறப் பகுதி. சுற்றுச்சூழல் நீதி இயக்கம் பிறந்த இடம் என்று வழக்கமாகக் காட்டப்படும் ஊர். 1978 கோடையில், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயை முறைப்படி அழிக்கச் செலவாகும் என்று கணக்குப் போட்ட சிலர், அதை லாரியில் ஏற்றி, இரவு நேரத்தில் மாநிலச் சாலைகளின் ஓரத்தில் 200 மைலுக்கும் மேல் ஒழுகவிட்டுக்கொண்டே போனார்கள். பிறகு அந்த மண்ணை எல்லாம் சுரண்டி எடுத்து எங்காவது புதைத்தாக வேண்டும். மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டியின் ஆஃப்டன். கவுண்டி மக்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் கறுப்பினத்தவர், பெரும்பாலும் ஏழைகள், கிணற்று நீரைக் குடித்தவர்கள். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 50 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆஃப்டனில் நீர் அதைவிட மிக மேலே இருந்தது. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள்.

1982 செப்டம்பர் 15 அன்று லாரிகள் வந்தன. பெண்களும் பிள்ளைகளும் சாலையில் படுத்துக்கொண்டார்கள். காவலர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். சுமார் ஆறு வாரங்களில் 500 பேருக்கும் மேல் கைது. பாதிரியார்கள் லியோன் வைட், பென் சாவிஸ், வாஷிங்டனின் நாடாளுமன்றப் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராய் எல்லோரும் பிடிபட்டவர்களே. உள்ளூரில் கூட்டத்தைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் டாலி பர்வெல். பள்ளிச் சிறுமியான அவருடைய மகளும் கைதானாள். போராட்டம் குழியைத் தடுக்கவில்லை. மண் புதைக்கப்பட்டது, அது சுத்திகரிக்கப்பட 2003 வரை ஆயிற்று.

இது எல்லோரும் சொல்லும் கதை. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள். அதே வாரன் கவுண்டியில், 1969-இல், ஃப்ளாய்ட் மெக்கிஸிக் என்ற வழக்கறிஞர் ஒரு புதிய நகரம் கட்டப்போவதாக அறிவித்தார். கறுப்பினத்தவரின் சம உரிமைக்குப் போராடிய கோர் என்ற அமைப்பின் தலைவராக இருந்தவர். பழைய பண்ணையார் தோட்டம் ஒன்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும், சுமார் 5,000 ஏக்கர், வாங்கி அதற்கு ‘சோல் சிட்டி’ என்று பெயரிட்டார். யார் வேண்டுமானாலும் குடியேறலாம், ஆனால் கட்டுவதும் நடத்துவதும் கறுப்பினத்தவர். மத்திய அரசு 1.4 கோடி டாலருக்குக் கடன் உத்தரவாதம் கொடுத்தது. தண்ணீர்க் குழாய் வந்தது, சிறு மருத்துவ நிலையம் வந்தது, ஒரு தொழிற்கூடம் எழுந்தது. 1975-இல் நாளிதழ் ஒன்று ஊழல் குற்றச்சாட்டுகளைக் கிளப்ப, செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் பின்னாலேயே நெருக்க, மாதக்கணக்கில் தணிக்கை நடந்தது. குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அதற்குள் முதலீட்டாளர்கள் நழுவிவிட்டார்கள். ஊரின் பொருளாதாரத் திட்டமும் அவ்வளவு உறுதியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1979-இல் அரசு கையை விரித்தது, நிலம் ஜப்தியானது. மூன்றே ஆண்டுகளில் அதே கவுண்டிக்கு நச்சு மண் லாரிகள் வந்து சேர்ந்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். சோல் சிட்டி அறக்கட்டளையை நடத்தியிருந்த ஈவா கிளேட்டன், 1982-இல் கவுண்டி ஆணையராகத் தேர்வாகித் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். பத்து ஆண்டுகள் கழித்து வட கரோலினாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். லாரி முன்னால் படுத்த டாலி பர்வெல் எந்தப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார் தெரியுமா? கவுண்டியின் பத்திரப் பதிவாளர் பதவி. நம் ஊர்க் கணக்கில் சார்பதிவாளர் நாற்காலி. அங்கே அதற்குத் தேர்தல் உண்டு. எனக்கு இந்த ஒரு செய்தியே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1865 ஜனவரி 12, ஜார்ஜியாவின் சவானா நகரம். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். தளபதி ஷெர்மனும் போர்த் துறை அமைச்சர் ஸ்டான்டனும் கறுப்பினப் போதகர்கள் 20 பேரைக் கூப்பிட்டு, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோருக்காகவும் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன்தான் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியும் எண்ணிக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கியிருந்தார். அவர் கேட்டது நிலம். நிலம் இருந்தால் எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மன் 15-ஆம் எண் உத்தரவை வெளியிட்டார்: சார்லஸ்டனுக்குத் தெற்கே கடலோரமாக, ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

இத்தனைக்குப் பிறகும், கூலியில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுக வாங்கியே, 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகள் சுமார் 1.5 கோடி ஏக்கருக்கு உடைமையாளர் ஆகியிருந்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் அதில் மிகப் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. மிரட்டல், கொலை, வடக்கு நகரங்களுக்கு இடப்பெயர்வு, வங்கிக் கடன் மறுப்பு என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது சத்தமே இல்லாமல் நடந்தது.

ஒரு தாத்தா 40 ஏக்கர் வைத்திருந்தார். உயில் எழுதவில்லை. வெள்ளைக்கார நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இல்லை, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. அவர் போன பின் எட்டுப் பிள்ளைகளுக்குப் பொது. அவர்களும் உயில் எழுதாமல் போக, பேரப்பிள்ளைகள் முப்பது பேருக்குப் பொது. எல்லோருக்கும் பங்கு உண்டு, யாருடைய பங்கு எந்த வரப்பு வரை என்று கிடையாது. அங்கே இதற்கு ‘வாரிசுச் சொத்து’ என்று பெயர். சிகாகோவில் வளர்ந்த ஒரு பேரன், அந்த மண்ணை மிதித்தே இராதவன், தன் பிரிபடாத பங்கைச் சில ஆயிரம் டாலருக்கு ஒரு மனை வியாபாரிக்கு விற்கிறான். வியாபாரி இப்போது பங்காளி. பங்காளிக்குப் பாகப்பிரிவினை கேட்கும் உரிமை உண்டு. இத்தனை துண்டாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் மொத்த நிலத்தையும் ஏலத்துக்கு விடுகிறது. கையில் ரொக்கத்தோடு ஏலத்துக்கு வருபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் போன்ற கடலோரத் தீவுகளில் இன்று கோல்ஃப் மைதானங்களும் விடுதிகளும் நிற்கும் நிலம் கைமாறியதில் இப்படிப்பட்ட ஏலங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வட கரோலினாவில் இரண்டு சகோதரர்கள், தாத்தா காலத்து ஆற்றங்கரை நிலத்தை விட்டு வெளியேற மறுத்ததற்காக, 2011 முதல் எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். குற்றம், நீதிமன்ற அவமதிப்பு.

ஒரு சின்ன இடைச்செருகல். நம் நாட்டில் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் 4-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தார் மதிப்புப்படி பணம் கட்டி அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். அது வீட்டுக்கு மட்டும்தான், வயலுக்கு இல்லை. ஆனாலும் அந்த எண்ணம் வெள்ளையர் எழுதிய சட்டத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு வழி கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியர் முன்னின்று எழுதிய மாதிரிச் சட்டம், வெளியாள் பிரிவினை கேட்டால் முதலில் நியாயமான மதிப்பீடு, பிறகு குடும்பத்தாருக்கு வாங்கும் வாய்ப்பு, ஏலம் கடைசி வழி என்று வரிசைப்படுத்தியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. தென் கரோலினா 2016-இல் ஏற்றபோது அதற்குக் கிளெமென்டா பிங்க்னியின் பெயரைச் சூட்டியது. மாநில செனட்டரும் பாதிரியாருமான அவர், முந்தைய ஆண்டு சார்லஸ்டன் தேவாலயத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டவர்.

இதற்கும் மாசுக்கும் என்ன தொடர்பு? பெயரில் தெளிவான பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. புயல் அடித்தால் வீடு கட்ட அரசு நிவாரணமும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. கத்ரீனா புயலுக்குப் பின் லூசியானாவில் எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டன. மத்தியப் பேரிடர் முகமை தன் விதியைத் தளர்த்தியது 2021-இல்தான். வில்லங்கம் உள்ள நிலத்தின் உடைமையாளரைப் பொதுக் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. ஆலைக்காரர் இடம் தேடும்போது எதிர்ப்பு எங்கே பலவீனம் என்றுதான் பார்ப்பார்.

சரி, தெளிவான பத்திரம் கையில் இருந்தால் போதுமா? போதாது. அலபாமாவின் ஆஃப்ரிக்காடவுன் அதற்குச் சாட்சி. அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டவிரோதமாகி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன பின், 1860-இல், திமதி மேஹர் என்ற செல்வந்தர் ‘க்ளோடில்டா’ கப்பலில் 110 பேரை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மொபைல் நகருக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, கப்பலைக் கொளுத்தி மூழ்கடித்தார். விடுதலை வந்ததும், ஊர் திரும்பக் காசில்லாத அவர்கள், எங்களைக் கொண்டுவந்தவர் நீங்கள், ஒரு துண்டு நிலமாவது கொடுங்கள் என்று மேஹரிடமே கேட்டார்கள். பேசியவர் கோசோலா, பின்னாளில் கட்ஜோ லூயிஸ் என்று அறியப்பட்டவர். மேஹர் மறுத்தார். மர அறுவை ஆலையில் கூலிக்கு வேலை செய்து, காய்கறி விற்று, காசு சேர்த்து, 1870-களில் அவர்கள் விலைக்கு வாங்கிய நிலம்தான் ஆஃப்ரிக்காடவுன். சட்டப்படி சுத்தமான உடைமை.

ஆனால் சுற்றியிருந்த பெரும்பரப்பு மேஹர் குடும்பத்திடமே இருந்தது. 1920-களின் இறுதியில் அந்தக் குடும்பம் தன் நிலத்தைக் காகித ஆலைக்குக் குத்தகைக்கு விட்டது. அதன் பக்கத்திலேயே இன்னொரு காகித ஆலையும் இயங்கியது. கொடியில் காயும் துணியில் சாம்பல் விழும் என்று அங்கே வளர்ந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். ஒரு காலத்தில் 12,000 பேர் வாழ்ந்த ஊரில் இன்று சுமார் 2,000 பேர். பெரிய ஆலை 2000-இல் மூடப்பட்டது. விட்டுச்சென்ற நஞ்சு நோய்களுக்குக் காரணம் என்று 2017-இல் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் ஆற்றுச் சேற்றில் க்ளோடில்டாவின் உடைசல் அடையாளம் காணப்பட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. ஊர்த் தலைவர்கள் இப்போது கேட்பது அருங்காட்சியகத்தை மட்டும் அல்ல. எந்த மனை குடியிருப்பு, எந்த மனை தொழிற்சாலை என்று வகைப்படுத்தும் அதிகாரத்தில் தங்களுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். சுற்றிலும் அடுத்தவன் நிலம் என்றால் உன் பட்டா உன் வேலி வரைக்கும்தான் பேசும்.

இந்த இடத்தில்தான் தனித்தனித் துண்டாக வைத்திருப்பதை விட்டுச் சேர்ந்து வைத்திருக்கும் யோசனை முக்கியமாகிறது. மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக 1962-இல் தான் குடியிருந்த தோட்டத்திலிருந்தே விரட்டப்பட்டவர், 1969-இல் 40 ஏக்கரில் ‘சுதந்திரப் பண்ணை’க் கூட்டுறவைத் தொடங்கினார். அதில் ஒரு பன்றி வங்கியும் உண்டு. 50 பன்றிகளோடு ஆரம்பம். குடும்பம் ஒரு பெண் பன்றியை வாங்கிப் போகலாம், ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்ப வேண்டும், அவை அடுத்த வீட்டுக்குப் போகும். குடிசையும் வேலையும் முதலாளி கையில் இருக்கும் வரை வாக்குரிமை பேச்சளவில்தான் என்பதை அனுபவத்தில் கற்றவர் அவர். பண்ணை 1970-களின் நடுவிலேயே கடனில் முடிந்துபோனது.

ஜார்ஜியாவில் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் தம்பதியும் நண்பர்களும் அதே 1969-இல் ஆரம்பித்த ‘நியூ கம்யூனிட்டீஸ்’ இதைவிடப் பெரிய கனவு. 6,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அன்று நாட்டிலேயே கறுப்பினத்தவர் வசம் இருந்த மிகப் பெரிய ஒரே நிலப்பரப்பு. நிலம் அறக்கட்டளையின் பெயரில். குடும்பங்களுக்கு நீண்ட காலக் குத்தகை. வீடும் விளைச்சலும் அவர்களுடையவை. தனி ஆள் விற்க முடியாது, எனவே சிகாகோ பேரனின் கதை இங்கே நடக்காது. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை என்று இதைத்தான் சொல்வார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வியப்பு இங்கே காத்திருக்கிறது. இந்த வடிவத்தை வகுக்க உதவிய பாப் ஸ்வான், இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகளோடு வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்தையும் முன்மாதிரியாகக் கொண்டவர். பூதானத்தில் தனி ஆளுக்குக் கொடுத்த நிலம் வட்டிக்காரனிடம் அடகுக்குப் போவதைப் பார்த்துத்தான் வினோபா, நிலத்தை ஊர்ப் பெயரில் வைக்கும் கிராமதானத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் அதே இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். கீழத்தஞ்சையில் தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த அவர்கள், 1990-களில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வாங்கினார்கள். நிலமும் சூழலும் ஒரே வழக்கு என்பது அவர்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நியூ கம்யூனிட்டீஸ் என்ன ஆனது? மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ் மத்திய உதவியைத் தடுத்தார். கடலையும் சோளமும் போட்டு, பன்றி வளர்த்து, நெடுஞ்சாலை ஓரம் கடை போட்டு விற்று, கடனைக் கட்டிவந்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் வறட்சி. பக்கத்து வெள்ளை விவசாயிகளுக்கு எளிதாகக் கிடைத்த வேளாண் துறையின் அவசரக் கடன், இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. கிடைத்தபோதும் எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் உள்ளூர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். விதைக்கும் பருவம் ஒப்புதலுக்குக் காத்திருக்குமா? 1985-இல் எல்லாம் ஜப்தி.

இப்படிப் பாதிக்கப்பட்ட கறுப்பின விவசாயிகள் சேர்ந்து வேளாண் துறையின் மீது போட்ட ‘பிக்ஃபோர்டு’ வழக்கில் 1999-இல் சமரசம் ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2009-இல் நியூ கம்யூனிட்டீஸுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர்கள் வாங்கியது மீண்டும் நிலம்தான்: ஆல்பனி அருகே 1,638 ஏக்கர், ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவருடைய தோட்டம். ‘ரெசோரா’ என்று பெயர் மாற்றி, பீகன் கொட்டை மரங்களைப் பராமரித்து, பழைய எஜமானரின் மாளிகையில் விவசாயப் பயிற்சி நடத்துகிறார்கள்.

இந்தக் கூட்டு உடைமைக்குக் கறுப்பினத்தவர் மத்தியிலேயே எதிர்ப்பு உண்டு. விற்கவோ அடகு வைக்கவோ முடியாத நிலம் என்ன சொத்து, வெள்ளைக்காரன் பிள்ளைக்கு வீட்டை விட்டுப் போகும்போது நாங்கள் மட்டும் குத்தகைச் சீட்டை விட்டுப் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஏலச் சுத்தியல் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நான் ஷெராட் பக்கம்தான் சாய்கிறேன்.

அரசாணைகளை நம்பலாமே என்று நீங்கள் சொல்லலாம். 1994-இல் கிளின்டன் சுற்றுச்சூழல் நீதிக்கென 12898-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். வாரன் கவுண்டி போராட்டத்தின் நேரடி விளைவு என்றே அதைச் சொல்லலாம். 2025 ஜனவரியில் டிரம்ப் அதை ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். பத்திரமும் பறிபோகும்தான், மேலே பார்த்தோம். ஆனால் அதற்கு நீதிமன்றப் படியாவது ஏற வேண்டும்.

கடைசியாக லூசியானா. பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே, மிசிசிப்பி ஆற்றின் இரு கரையிலும் சுமார் 85 மைலுக்குப் பெட்ரோ வேதி ஆலைகள். ‘புற்றுநோய்ச் சந்து’ என்று அழைக்கிறார்கள். ஆலைகள் அங்கே குவிந்ததற்கு நில வரைபடத்திலேயே காரணம் இருக்கிறது. பழைய கரும்புத் தோட்டங்கள் ஆற்றைத் தொட்டபடி, துண்டாகாமல், ஒரே உடைமையாளரிடம் இருந்தன. ஒரே கையெழுத்தில் ஆயிரம் ஏக்கரும் கப்பல் துறையும் கிடைக்கும். தோட்டத்தின் ஓரத்தில், விடுதலையான மக்கள் வாங்கிய குறுகிய மனைகளில் அவர்களுடைய ஊர்கள். ஆலை வந்தால் வேலிக்கு அப்புறம் அவர்கள் வீடு.

செயின்ட் ஜேம்ஸ் என்ற பகுதியின் நிர்வாகம் 2014-இல் நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்றைப் போட்டது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள இரண்டு வட்டங்கள் அதில் ‘குடியிருப்பு மற்றும் எதிர்காலத் தொழிற்சாலை’ என்று வகைமாறின. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே அவர் தெரு எதிர்காலத் தொழிற்சாலை ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஷரன் லவீன், தாத்தா வாங்கிய நிலத்தில் வாழ்பவர், 2018-இல் தன் வீட்டு வரவேற்பறையில் சிலரைக் கூட்டி ‘ரைஸ் செயின்ட் ஜேம்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சீன நிறுவனம் ஒன்று 125 கோடி டாலர் ஆலைத் திட்டத்தைக் கைவிட்டது. இன்னும் பெரியது ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸின் 940 கோடி டாலர் திட்டம். அதன் உரிமங்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் அலைந்துகொண்டிருக்கின்றன.

அந்த ஆலைக்கு வாங்கிய பழைய தோட்டத்தில் கல்லறைகள் இருப்பது தெரியவந்தது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களுடையவை என்று நம்பப்படுகிறது. 2020 ஜூன் 19, அடிமை விடுதலை நினைவு நாளில் அங்கே பிரார்த்தனை செய்ய லவீன் அனுமதி கேட்டார். நிறுவனம் மறுத்தது. முன்னோர் புதைந்த இடத்தில் பூ வைக்க நீதிமன்ற உத்தரவோடு போனார்கள்.

லவீனின் அமைப்பும் இன்னோர் உள்ளூர் அமைப்பும் ஒரு தேவாலயமும் 2023-இல் செயின்ட் ஜேம்ஸ் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டிருக்கின்றன. காற்றில் எத்தனை விழுக்காடு நஞ்சு என்பதைப் பற்றிய வழக்கு இல்லை அது. ஆலைகளுக்கு எங்கே இடம் கொடுத்தீர்கள், ஏன் எங்கள் வட்டங்களிலேயே கொடுத்தீர்கள் என்ற நிலப் பயன்பாட்டு வழக்கு. புதிய ஆலைகளுக்குத் தடை கேட்கிறார்கள். காலம் கடந்துவிட்டது என்று கீழ் நீதிமன்றம் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது. 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு நடக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. உங்கள் கேள்வியைத் தொடர்ந்து பின்பற்ற விரும்பினால் இந்த வழக்கைக் கவனித்து வாருங்கள். கல்லறைகளைப் பற்றிய வாதமும் அதில்தான் இருக்கிறது.